பூட்டிக் கிடந்த கட்டடமும் அலமேலுவின் லைசென்ஸும்

ஓவர்சியர் பைக்கை ஸ்டாண்ட் போடக்கூட நிற்கவில்லை. அப்படியே மண்மேட்டில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு நெருப்பு வெச்சீங்க? அறிவு கீதா உங்களுக்கு?"

புதுக் கட்டடத்து வராந்தாவில், பூட்டிய கதவுக்கு நேர் எதிரே, மூன்று கல் கூட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே மண்பானை. உள்ளே அந்த வருஷத்துப் புதுச் சாமை, வெல்லம் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. பெயிண்ட் வாசனைகூடப் போகாத வராந்தாக் கூரையில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம் விழுந்திருந்தது. ஈர விறகு. புகை கண்ணைக் கரித்தது.

சுற்றி நின்ற பெண்களில் காசியம்மா மட்டும் திரும்பிப் பார்த்தாள். என் வகுப்பிலேயே மூத்தவள். படிக்க வந்தாளோ பேச வந்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பொங்கற நேரத்துல கத்தாதீங்க சாரு. இருந்து ஒரு வாய் துன்னுட்டுப் போங்க."

நான் அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி மேடேறி மூச்சு வாங்க வந்து நின்றேன். கீழே வளைவிலேயே புகையைப் பார்த்துவிட்டேன். காடு பற்றிக்கொண்டதோ என்று ஓடிவந்தால், இங்கே பொங்கல்.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் டீச்சரா? இதான் நீங்க படிப்பு சொல்லிக் குடுத்த லட்சணமா?"

என் வாய் சும்மா இருக்கிற வாயா? "கட்டடத்த கட்டிப் பூட்டி வெச்ச உங்க லட்சணத்தவிட இது தேவலாம்" என்றேன். அந்தப் பேச்சுக்கும் பின்னால் விலை கொடுத்தோம்.

மரத்தடிப் பேர்வழி

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குச் சொந்த ஊர் படவேட்டுப் பக்கம். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போனவள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், அவர்கள் பட்டது போதும்.

போன வாரம், வகுப்புக்குக் கட்டடம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் போன் செய்தார். ஓய்வு பெற்ற அதிகாரியாம். "ஏம்மா, படிக்கிற ஆசை இருந்தா மரத்தடி போதாதா? நாங்கள்லாம் அப்படிப் படிச்சு வந்தவங்கதான்" என்றார். நல்ல மனிதர், தன்மையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க ஆபீஸ் எந்த மரத்தடியில சார் இருந்துச்சு?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அவருக்குச் சொல்ல விட்டதை இங்கே சொல்கிறேன். ஆறு வயசுப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாக எழுதினால் ஊரே கொஞ்சும். நாற்பது வயசுப் பெண் எழுதினால் ஊரே சிரிக்கும். பலா மரத்தடியில் வகுப்பு நடத்தினேனே, நடத்தாமலா சொல்கிறேன்? ஆடு ஓட்டிப் போகிறவன், தண்ணீருக்குப் போகிறவள், பஸ்ஸுக்கு நிற்கிறவன் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாடி, கலெக்டராவப் போறியா?" என்று ஒருத்தன் தன் பெண்டாட்டியைக் கேட்டான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. இன்றுவரை கைநாட்டுதான்.

வயசு வந்தவர்களுக்குத் தப்புத் தப்பாக எழுதிப் பழக நான்கு சுவர் வேண்டும். அந்தச் சுவருக்குத்தான் நான் நிதி கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மாலை நேரம் வகுப்பு வைத்துப் பார்த்தோம். பெஞ்செல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானது. கதிர் அறுத்துவிட்டு முதுகு விண்விண்ணென்று வந்தவர்கள், முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். நாங்கள் பலகையில் எழுதி வைத்ததை மறுநாள் காலை அழித்துவிட்டு, "வெத்தலை எச்சி துப்புறாங்க" என்று புகாரும் எழுதினார் ஹெட்மாஸ்டர். துப்பியது காசியம்மா. அதை நான் மறுக்கவில்லை.

கோயில் மண்டபத்துக்கு மாறினோம். மாசத்தில் சில நாள் பெண்கள் அங்கே வர முடியாது. ஒருத்தி வந்தால் இன்னொருத்தி இல்லை. முதலில் இருந்து, முதலில் இருந்து என்று அதே பாடத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். சரி என்று ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தால், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பெண்கள் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். ஒருத்தர் வாசலில் நடக்கிற வகுப்பு, அவருக்கு வேண்டியவர்களின் வகுப்பாகத்தான் இருக்கும். யாருடையதும் இல்லாத, எல்லாருக்கும் பொதுவான ஒரு இடம் வேண்டும். அதைக் காசு போட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். தானாக முளைக்காது.

ஆபீஸில் இதைச் சொன்னால், "சிலேட்டுக்கு நிதி இருக்கும்மா. புஸ்தகத்துக்கு இருக்கு. பேனருக்கு இருக்கு. கட்டடத்துக்கு அந்தத் தலைப்பே இல்லையே" என்பார்கள். தலைப்பு இல்லையாம்! எங்கள் தலைக்கு மேலேயும்தான் ஒன்றும் இல்லை.

அலமேலு

இனி அலமேலுவைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி கொஞ்ச வருஷம் அவளும் புருஷனும் கர்நாடகா பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார்கள். மலையில் பாதிப்பேர் போகிற வழிதான். அங்கே டிராக்டர் டிரைவர் குடித்துவிட்டுக் கிடந்த ஒரு நாள், மூட்டை நனைகிறதே என்று இவள் ஏறி ஓட்டியிருக்கிறாள். அதன்பிறகு தோட்டத்துக்குள் இவள்தான் டிரைவர். ஊர் திரும்பியபின், மச்சானுடைய லோடு வண்டியை எங்கள் மலைரோட்டு வளைவுகளில் அவள் திருப்புவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பயந்த சுபாவக்காரி நான். அவள் ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓட்டுவது மலைக்குள் மட்டும். கீழே இறங்கினால் போலீஸ் பிடிக்கும். லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் கம்ப்யூட்டரில் கேள்விகள் வரும், படித்துப் பார்த்துப் பதிலைத் தொட வேண்டும். அலமேலு பள்ளிக்கூடம் போனதில்லை.

மகளிர் குழுவுக்கு அந்தச் சமயத்தில் ஒரு லோடு வண்டி தருவதாகத் திட்டம் வந்தது. ஒரே நிபந்தனை, குழுவில் ஒரு பெண்ணிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டி வந்தால் சாமை, புளி, தேன், பலா எல்லாவற்றையும் அவர்களே வேலூருக்குக் கொண்டுபோய் விற்கலாம். ஏஜென்ட் வண்டிக்காகக் காத்திருந்து, அவன் சொன்னதுதான் விலை என்று தலையாட்டத் தேவையில்லை. பங்குனி வரைக்கும் பார்ப்பார்கள், ஆள் இல்லையென்றால் வேறு குழுவுக்குப் போய்விடும்.

"டீச்சரு, எனக்குக் கதை பாட்டு எல்லாம் வாணாம். அந்தக் கேள்விய படிக்கக் கத்துக்குடு. போதும்" என்றாள் அலமேலு.

சந்தையில் போய் ரோட்டுச் சின்னங்கள் போட்ட சார்ட் வாங்கிவந்து, அதை வைத்தே எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். 'வளைவு', 'பள்ளம்', 'ஒலி எழுப்பாதே'. எல்லாரும் 'அம்மா' 'ஆடு' என்று ஆரம்பித்தால், இவள் 'முந்தாதே'யில் ஆரம்பித்தாள்.

நிதி வந்தது, பூட்டும் வந்தது

ஒருவழியாகத் தலைப்பு பிறந்தது. மலைக் கிராமங்களில் வயது வந்தோர் கற்க நிரந்தரக் கட்டடம் என்று பணம் ஒதுக்கினார்கள். பெரிய மனசுடைய ஒரு அதிகாரி அப்போது இருந்தார். அவர் மாற்றலாகிப் போவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. அதுவே அதிசயம்.

பெண்கள் கூலி வாங்காமல் மணல் அள்ளிப் போட்டார்கள். கான்கிரீட் போட்ட அன்று ஊருக்கே கூழ் காய்ச்சினார்கள். ஒரு ஹால், பெரியவர்கள் உட்காரும் உயரத்துக்கு நாற்காலி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஓரத்தில் கம்ப்யூட்டர் வைக்கச் சின்ன அறை. தீபாவளி கழிந்து கதவு மாட்டினார்கள். கம்ப்யூட்டர்கள் பெட்டி பெட்டியாக இறங்கின. அதை ஜன்னல் வழியாகப் பார்த்த அலமேலு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். திறப்பு விழாவாம். பெரிய ஆள் வந்து ரிப்பன் வெட்டினால்தான் திறக்கலாமாம். அவருக்குத் தேதி இல்லை. சாவி கண்ணமங்கலத்தில் கான்ட்ராக்டர் வீட்டில்.

"விழா வரும்போது வரட்டும் சார். அதுவரைக்கும் வகுப்பு மட்டும் நடத்திக்கறோம்" என்று கெஞ்சினேன். "பெயிண்ட் அழுக்காயிடும்மா" என்றார் ஆபீஸில். பெயிண்டுக்கு இருந்த மதிப்பு மனுஷிக்கு இல்லை.

அணைஞ்ச வூடு

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கதவு மாட்டிய வீட்டில் வருகிற அமாவாசைக்குள் அடுப்பு எரிந்துவிட வேண்டும். எரியவில்லை என்றால் அது அணைஞ்ச வீடு. அப்புறம் அங்கே ஆட்டைக் கட்டுவார்களே ஒழிய ஆள் உட்கார மாட்டார்கள். அப்படி விட்ட வீடுகள் இரண்டை எனக்கே காட்டியிருக்கிறார்கள். கூரை இற்று விழுந்து கிடந்தன.

"அது மூடநம்பிக்கை. வகுப்புக்கு அடுப்பு எதுக்கு?" என்று நான் சத்தம் போட்டேன்.

காசியம்மா விடவில்லை. "அந்தப் பெரிய மனுசரு இன்னாத்துக்கு நல்ல நேரம் பாத்துக்கினு கீறாரு? அவுருக்கு ஒரு நேரம்னா எங்களுக்கும் ஒரு நேரம் கீது."

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. அதைத் தயவுசெய்து கவனியுங்கள். கடப்பாரை இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. ஆனாலும் சர்க்கார் பூட்டில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. உள்ளே போக முடியாவிட்டால் வாசற்படியிலாவது எரியட்டும், நம்ம வூடு அணையக் கூடாது என்று முடிவு செய்தார்கள். கார்த்திகை அமாவாசைக்கு முந்தின நாள் காலை. என்னிடம் சொன்னால் தடுப்பேன் என்று சொல்லவில்லை.

மலைக்காற்று அன்றைக்கு ஆளைத் தள்ளியது. அடுப்பு நிற்கவில்லை. வராந்தாச் சுவரில் சாக்கு சுற்றிய பலகைக் கல் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. தரைக்குப் போட்டு மீந்த கல் என்று நினைத்து, சாக்கைக் கழற்றி, காகிதம் ஒட்டியிருந்த வழவழப்பான பக்கம் கரியாகிவிடக் கூடாதே என்று அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அடுப்புக்குக் காற்றுத் தடுப்பாக நிறுத்தினார்கள். சொரசொரப்பான பக்கம் நெருப்பைப் பார்த்து நின்றது.

ஓவர்சியர் கத்திக்கொண்டிருந்தபோதே அது 'டப்'பென்று வெடித்தது. குறுக்கே இரண்டாகப் பிளந்து விழுந்தது. வழவழப்பான பக்கத்தில் காகிதம் கிழிந்து, தங்க எழுத்தில், திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதரின் பெயர்.

ஓவர்சியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொங்கல் பொங்கி வழிந்தது. ஒருத்தரும் குலவையிடவில்லை.

அலமேலு குனிந்து, உடைந்த கல்லில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "திறந்து... வைத்தார்." பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் தொறக்கவே இல்லியே டீச்சரு."

திரை ஓடும்

அப்புறம் விசாரணை. கல்லை வேண்டுமென்றே உடைத்தார்களா, யார் தூண்டினார்கள், டீச்சர் எந்தக் கட்சி. ஓவர்சியரிடம் நான் பேசிய பேச்சும் அதில் ஏறியது. சேதத்தைச் சரிசெய்து, மறுபடி வெள்ளையடித்து, புதுக் கல் செதுக்கி வரும்வரை கட்டடத்தை யாரும் அண்டக் கூடாது என்று உத்தரவு. புதுக் கல் வருவதற்குள் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை எதையும் திறக்கக் கூடாதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்ப்யூட்டர் பெட்டிகள் தெரிந்தன. தெர்மாகோல்கூடப் பிரிக்கவில்லை.

பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. பலா மரத்தடிக்கே திரும்பினோம். அச்சடித்த தாளில் கேள்விகளை அலமேலு விரல் வைத்துப் படித்தாள். மெதுவாகத்தான். ஆனால் ஒரு சொல் விடாமல், சரியாக. என் போனில் காட்டலாம் என்றால், அந்த ஊரில் பேசுவதற்கே பாறைமேல் ஏற வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் டீச்சரு. எல்லாத்தையும் படிச்சேன். படிச்சி முடிச்சி கைய வெக்கறதுக்குள்ள அது போய்டுது. அடுத்தது வந்துடுது. நில்லு நில்லுன்னு கத்தணும் போல இருந்துச்சு."

தாள் நிற்கும். திரை ஓடும். ஒரு மாசம், வெறும் ஒரு மாசம் அந்த அறையில் உட்கார்ந்து பழகியிருந்தால் அவள் விரலும் ஓடியிருக்கும். வளைவு ரோட்டில் லாரி எதிரே வரும்போது ஓடுகிற கைதானே அது!

மறுபடி எழுதலாம் என்றார்கள். எழுதலாம்தான். ஆனால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் பங்குனி முடிந்தது. வண்டி வேறொரு ஊர்க் குழுவுக்குப் போய்விட்டது. அங்கே குழுத் தலைவியின் பெயரில் லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டுவது அவள் கொழுந்தன். கேட்பாரில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அலமேலு அழவில்லை. நான்தான் அழுதேன், யாருக்கும் தெரியாமல் இல்லை, சத்தமாகவே. கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டார்.

ரிப்பன்

ஆனி மாசம், தேர்தலெல்லாம் முடிந்து, ஆளும் மாறி, வேறு பெயர் செதுக்கிய வேறு கல்லோடு விழா நடந்தது. கம்ப்யூட்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, ரோஜாப் பூ வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

ஊர்ப் பெண்கள் உள்ளே வர யோசித்தார்கள். அடுப்பு எரிந்த கட்டடம்தான், ஆனால் பொங்கல் பொங்கியும் குலவை விழாத கட்டடமாயிற்றே. கடைசியில் காசியம்மா முதல் ஆளாக உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தாள். "தாராளமா கீதுடி, வாங்க" என்றாள். அப்புறம் எல்லாரும் போனார்கள். இன்றைக்கு அங்கே வகுப்பு நடக்கிறது. சின்னப் பெண்கள் வருகிறார்கள், கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள், யாரும் எட்டிப் பார்த்துச் சிரிப்பதில்லை. கட்டடம் வந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் கேட்டதெல்லாம் அங்கே நடக்கிறது. அலமேலுவுக்கு மட்டும் நடக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்செரிகிறது.

விழா மேடையில் பயனாளி பேச வேண்டும் என்றார்கள். படிக்கத் தெரிந்த பயனாளி என்று அலமேலுவையே பிடித்து இழுத்துவந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, "இந்தக் கட்டடத்தால உங்களுக்கு என்ன நன்மைம்மா? பயப்படாம சொல்லுங்க" என்றார் விழா அதிகாரி.

அலமேலு சுற்றிப் பார்த்தாள். சுவரை, மின்விசிறியை, ரோஜாப் பூ வைத்த கம்ப்யூட்டரை.

"கட்டடம் ரொம்ப நல்லா கீதுங்க. எங்க ஊருல இவ்ளோ நல்ல கட்டடம் வேற இல்லீங்க" என்றாள். குரல் கணீரென்று இருந்தது. "இத்த தை மாசத்துக்குள்ள தொறந்திருந்தீங்கன்னா, இன்னிக்கி நான் இங்க வந்திருக்க மாட்டேன். வண்டிய எடுத்துக்கினு வேலூர் மார்க்கெட்டுக்குப் போயிருப்பேன்."

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அதைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. மாலை போட்டு உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அலமேலு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். சாப்பாட்டுப் பந்திக்குக்கூட நிற்காமல் என்னிடம் வந்தாள்.

"நான் வர்றேன் டீச்சரு. பலாப்பழம் அறுத்து வெச்சுட்டு வந்துட்டேன். ஏஜென்ட் வண்டி வர்ற நேரம். நான் இல்லன்னா அவன் பாட்டுக்குப் போய்ட்டே இருப்பான்."